தகரப் பெட்டியில் இருந்த பெயர்

அந்தப் பெட்டி நீல நிறம். தகரத்தில் அடித்தது. மூடியில் வெள்ளைப் பெயிண்டால், கை நடுங்காத யாரோ எழுதியிருந்தார்கள்: க. சிவஞானம். அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், தபால் அதிபர்.

எனக்கு ஒன்பது வயது. படகிலிருந்து குதித்து, மார்பளவு தண்ணீரில் நடந்து, மணலில் விழுந்து எழும்பி, கடைசியில் இந்தியக் கரையில், அகதிகளைப் பதிகிற ஒரு ஓலைக் கொட்டகைக்கு முன்னால் வரிசையில் நின்றோம். அம்மா, அக்கா வசந்தி, நான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் காற்சட்டை காய்ந்து உப்புப் பூத்து, தொடையில் உரசி எரிந்தது.

எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். வரிசை நகர்ந்தால் எழும்புவார், காலால் பெட்டியைத் தள்ளுவார், மறுபடி உட்காருவார். அவர் எழும்புகிற ஒவ்வொரு தடவையும் நான் அந்த எழுத்தை வாசித்தேன். வேறு வேலை என்ன இருந்தது? எனக்கு வாசிக்கத் தெரியும் என்கிற பெருமை வேறு.

அந்தப் பெருமைதான் என் அக்காவைத் தின்றது.

வாசகர் கேட்ட கேள்வி

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் அக்காவை எட்டிப் பார்க்கவே விடாமல் ஓட்டிவிட்டேன். படகைப் பற்றி எழுதினேன். தர்மபுரியில் ஒரு அணைக்கட்டுக்கு அடியில் இருந்த அகதி முகாமைப் பற்றி எழுதினேன். பதினாலு வயதில் கனடா போனது, பனியில் கூரை ஓடு சுமந்தது, பிறகு சொந்தமாக வீடு கட்டி விற்கத் தொடங்கியது, எல்லாம் எழுதியாகிவிட்டது. என் முதல் காரைப் பற்றி ஒரு வாரம் முழுக்க எழுதினேன், வெட்கம் கெட்டவன்.

போன மாதம் ஒரு வாசகி ஒரே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தார். "படகில் உங்களோடு வந்த அக்கா எங்கே?"

ஆசிரியர் அந்தக் கடிதத்தை எனக்கு அப்படியே அனுப்பிவைத்தார். நல்ல மனுஷன். நானும் ரெண்டு வாரம் வேறு கதை சொல்லிப் பார்த்தேன். அந்த வரி விடவில்லை. சரி, எழுதித் தொலைக்கிறேன்.

எல்லாம் தயார், பெயர் மட்டும் இல்லை

அக்காவுக்கு அப்போது பதினாறு. எங்கள் ஊர் மன்னார்ப் பக்கம். அப்பா ஏற்கெனவே கனடாவுக்குத் தப்பிப் போயிருந்தார். சண்டை திரும்பத் தொடங்கின பிறகு, கல்யாணமாகாத பெண்பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது. ஆமி, இயக்கம், இரண்டு பக்கத்துக்கும் பயம். ஊரில் எல்லாத் தாய்மாரும் செய்ததையே என் அம்மாவும் செய்தாள். புறப்பட்ட அன்று காலை ஒரு மஞ்சள் துண்டை நூலில் கட்டி அக்காவின் கழுத்தில் போட்டாள்.

"ஆர் கேட்டாலும் கல்யாணம் முடிஞ்சுது எண்டு சொல்லு. அவர் பின்னால வாறார் எண்டு சொல்லு," என்றாள்.

எனக்கும் அதையே பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தாள். அக்கா சிரித்தாள். கயிறு கழுத்தைக் கடிக்கிறது என்று சொறிந்துகொண்டே இருந்தாள்.

கொட்டகைக்குள் ரெண்டு மேசை. எங்களுக்குக் கிடைத்த மேசையில் ஒரு பெரிய பேரேடு, ஒரு எழுத்தர். நல்ல மாதிரியான ஆள். எனக்கு ஒரு ரொட்டித் துண்டு தந்தார்.

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"ஓம் ஐயா. மருமகன் பின்னால வாறார்."

"பேரு?"

அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். எல்லாம் யோசித்தவள் பெயரை யோசிக்கவில்லை. படகு, நகை, கயிறு, பின்னால் வாறார் என்கிற பேச்சு, எல்லாம் இருக்கிறது, மாப்பிள்ளைக்குப் பெயர் இல்லை! எழுத்தர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரியாதே, பாவம், என்ன சொல்வாள்?

எழுத்தர் சிரித்தார். "புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க. அங்கயும் நம்ம ஊரு வழக்கம்தான் போல." பேனாவை என் பக்கம் திருப்பினார். "தம்பி, நீ சொல்லு. அக்கா வூட்டுக்காரர் பேரு என்னா?"

"சிவஞானம்," என்றேன்.

"இனிஷியல்?"

"க."

"என்ன வேலை பாக்குறாரு?"

"தபால் அதிபர்."

"அட, போஸ்ட் மாஸ்டரு! கவர்மென்ட் மாப்பிள்ளை!" என்று எழுதிக்கொண்டார்.

மற்ற மேசையில் பெயர் பதிந்துவிட்டுக் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தை, அக்காவின் கழுத்தை. வேட்டியை இழுத்துப் பெட்டியின் எழுத்து தெரியாமல் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவரை வேறு மாவட்டத்து முகாமுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவே இல்லை.

போஸ்ட் மாஸ்டரம்மா

எங்களைத் தர்மபுரிக்கு ஏற்றினார்கள். பென்னாகரம் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து, கேழ்வரகுக் காடும் நிலக்கடலைக் காடும் தாண்டி, அணைக்கட்டுக்குக் கீழே வரிசை வரிசையாகப் பத்துக்குப் பத்து அறைகள். கல்யாணமான பெண் தனிக் குடும்பம் என்று கணக்கு. அதனால் அக்காவுக்குத் தனி அட்டை, தனி அறை. முகாமில் எட்டுப் பேர் ஒரே அறையில் கிடந்தபோது, இல்லாத அத்தானின் புண்ணியத்தில் எங்கள் மூன்று பேருக்கு ரெண்டு அறை.

"உன்ர அத்தானுக்குக் கும்பிடு போடடா," என்பாள் அக்கா. "எனக்கு எழுபது வயசுக் கிழவனைக் கட்டி வச்சவன் நீதான். பல்லும் இல்லை அந்தாளுக்கு. வரிசையில வேற ஆக்களே நிக்கேல்லையா? ஒரு இருபத்தஞ்சு வயசுக்காரன்ர பெட்டியும் உன்ர கண்ணில படேல்லையா?"

நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

மாதம் ஒரு தடவை செக்கிங். வருவாய்த் துறையிலிருந்து ஆர்.ஐ. வந்து அரச மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவார். ஒவ்வொரு தலையும் நேரில் நிற்க வேண்டும், அப்போதுதான் அரசு தருகிற பணக்கொடை. அக்கா அன்றைக்கு மட்டும் ஆணியில் மாட்டியிருக்கும் மஞ்சள் கயிற்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போவாள். வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டுவாள், மழைக்குப் போட்ட சட்டை மாதிரி.

"என்னாம்மா, போஸ்ட் மாஸ்டர் வந்துட்டாரா?"

"இன்னும் இல்லீங்க."

ஆர்.ஐ.க்கள் மாறினார்கள். கேள்வி மாறவில்லை. முகாமில் அவளுக்குப் பெயரே போஸ்ட் மாஸ்டரம்மா என்று ஆகிவிட்டது. எங்களோடு வந்தவர்களுக்கே அது பொய் என்பது மறந்துபோனது. ஒரு ஆர்.ஐ. நல்லது செய்கிறதாக நினைத்து, "பாவம், காணோம்னு எழுதிக்கிறேன்" என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். அதுவரை வரப்போகிறவராக இருந்த கிழவர் அன்றிலிருந்து காணாமல்போன கணவர் ஆனார்.

அக்கா புளி வேலைக்குப் போனாள். வியாபாரி மூட்டையாகப் புளியைக் கொண்டுவந்து போடுவார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் விரல் நுனி எப்போதும் கறுத்திருக்கும். எனக்குச் சோறு பிசைந்து தந்தால் சாம்பாரே தேவையில்லை, அத்தனை புளிப்பு. இப்போதும் டொரொண்டோவில் எந்தக் கடையிலாவது புளி வாசம் வந்தால் நான் வெளியே வந்துவிடுவேன்.

ரோஸ் மில்க்

அப்பாவுக்குக் கனடாவில் நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்தது. மனைவியையும் கல்யாணமாகாத பிள்ளைகளையும் கூப்பிடலாம். மூன்று பேருக்கும் எழுதிப் போட்டார். அவர் தாளில் அக்கா கல்யாணமாகாதவள். முகாம் தாளில் அக்கா போஸ்ட் மாஸ்டர் பெண்சாதி.

சென்னையில் விசா நேர்முகம். முகாமில் விஷயம் தெரிந்த ஒரு பெரியவர் அம்மாவைப் பயமுறுத்தி விட்டிருந்தார். "பேச்சு மாறினால் மூண்டு பேரின்ர பைலையும் மூடிப்போடுவாங்கள். முகாமில என்ன சொன்னீங்களோ அதையே சொல்லுங்கோ. மூத்தவளைப் பிறகு கூப்பிடலாம்."

பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊத்தங்கரை தாண்டும்போது என் காதுக்குள் சொன்னாள்.

"உன்னைத் தனியாக் கூப்பிடுவினம். நீ உண்மையைச் சொல்லு. அம்மா சொன்னா நம்பமாட்டினம், நான் சொன்னா நம்பமாட்டினம். சின்னப் பெடியன் சொன்னா நம்புவினம். பெட்டியில பாத்துச் சொன்னனான் எண்டு சொல்லு. அது போதும்."

"சொல்றன் அக்கா," என்றேன்.

என்னைத் தனியாகத்தான் கூப்பிட்டார்கள். குளிர்சாதன அறை. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். என் அக்காவுக்குக் கல்யாணம் நடந்ததா, நான் கண்ணால் பார்த்தேனா என்று கேட்டார்கள்.

கொட்டகையில் சொன்னது ஒன்பது வயதுப் பொய். அதற்கு நான் என்னை மன்னித்துவிடலாம், யாரும் மன்னிப்பார்கள். இது பதினாலு வயதுப் பொய். எனக்கு எல்லாம் தெரியும். அக்காவின் பக்கம் நின்றால் நானும் போகாமல் போகலாம் என்றும் தெரியும். எனக்குப் போக வேண்டும். விமானத்தில் ஏற வேண்டும், பனியைத் தொட வேண்டும், அந்தப் புளி வாசத்தை விட்டு ஓட வேண்டும்.

"ஓம், பாத்தனான்," என்றேன். அதோடு நிறுத்தினேனா? இல்லை. "நான்தான் தாலித் தட்டம் பிடிச்சனான். ஆக்களெல்லாம் தொட்டுக் கும்பிட்டவை. பிறகு வடை பாயாசத்தோட சாப்பாடு."

மொழிபெயர்த்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். வெள்ளைக்காரப் பெண்மணியும் சிரித்தாள்.

அடுத்ததாக அக்கா உள்ளே போனாள். சீக்கிரமே வெளியே வந்தாள். ரோட்டில் வெயில் கொளுத்தியது. என்ன சொன்னாய் என்று கேட்பாள் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். கேட்கவில்லை. எதிர்ப்பக்கத்துக் கடையில் எனக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கித் தந்தாள். ஒன்றுதான் வாங்கினாள். நான் குடித்து முடிக்கும் வரை நிழலில் நின்றாள்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டதாக நம்பித்தான் வாங்கித் தந்தாள் என்று முப்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கும் எனக்கும் விசா வந்தது. மூத்தவள் மணமானவள், கணவர் பற்றிய விவரம் இல்லை என்று ஒரு தாள் மட்டும் அவளுக்கு. "ஆறு மாசத்தில கூப்பிடுவம் பிள்ளை," என்று அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதாள். அக்கா எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு தர்மபுரி பஸ் நிலையம் வரை வந்தாள்.

மூன்று ஞாயிறு

புளி மூட்டைகளை முகாமுக்குக் கொண்டுவருகிற டெம்போவை ஓட்டியவர் அருளப்பன். பக்கத்துக் கிராமத்துக்காரர், வேதக்காரக் குடும்பம், கொஞ்சம் தக்காளித் தோட்டமும் உண்டு. அவரைப் பற்றி அக்கா எழுதிய முதல் கடிதத்தில், "எடை போடேக்க எங்களை ஏமாத்தாத ஒரே ஆள்" என்று இருந்தது. அடுத்த கடிதத்தில் அவர் பெயர் நாலு இடத்தில் இருந்தது.

அருளப்பன் வீட்டில் முதலில் சண்டை, பிறகு சம்மதம். அவள் ஞானஸ்நானம் எடுப்பதற்கும் தயார். பங்குச் சாமியார் நியாயமான மனுஷன், ஆனால் முறை தெரிந்தவர். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. முகாம் அட்டையில் கணவர் பெயரோடு இருக்கிற பெண்ணுக்கு எப்படி ஓலை வாசிப்பார்?

"வீட்டார் ஒரு வரி எழுதிக் குடுத்தால் பிஷப் மேற்றிராணியாரிட்டக் கேக்கலாமாம்," என்று அக்கா எழுதியிருந்தாள். "சிவஞானம் எண்டு ஒரு மாப்பிள்ளை இல்லை, அது பயத்தில சொன்ன பேர். நீங்களும் தம்பியும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கோ."

அம்மா அந்தக் கடிதத்தை மூன்று தடவை என்னை வாசிக்கச் சொன்னாள்.

"குடியுரிமை கைக்கு வரட்டும்," என்றாள். "இப்ப எழுதிக் குடுத்தால் பொய் சொல்லி வந்த ஆக்கள் எண்டு பிடிச்சுத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

அம்மாவுக்காகக் கடிதம் எழுதுகிறவன் நான்தான். எனக்குப் பதினேழு வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "கொஞ்சம் பொறு அக்கா" என்று எழுதினேன்.

அருளப்பன் நாலு வருஷம் பொறுத்தார். இப்படியே காத்திருக்க அவர் வீட்டில் எத்தனை நாள் விடுவார்கள்? எங்களுக்குக் குடியுரிமை வந்தபோது அவருக்கு வேறிடத்தில் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அக்காவே அதையும் எழுதினாள். "குழந்தைக்கு நான்தான் காப்பு வாங்கிக் குடுத்தனான்."

துணி வைக்கிற அறை

பிறகு நான் பணக்காரன் ஆனேன். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும், வாரா வாரம் சொல்லி உங்கள் காதைப் புளிக்க வைத்திருக்கிறேன். நான் கட்டி விற்கிற வீடுகளில் துணி வைக்கிற அறை அக்காவின் வீட்டைவிடப் பெரிசு. முதல் தடவை ஒரு வீட்டின் வரைபடத்தில் அதை அளந்து பார்த்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். ஆனாலும் கட்டினேன்.

வக்கீல் வைத்தேன். கனடாவில் ஒருத்தர், இந்தியாவில் ஒருத்தர். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு, அக்காவைத் தம்பி கூப்பிடக் கனடாவில் வழி இல்லை. இந்தியாவில் முகாம் பதிவில் கணவர் பெயரை எடுக்க ஓடினேன். விவாகரத்துத் தீர்ப்பைக் கொண்டு வாங்க என்றார்கள். இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ். ஆள் இருந்தால்தானே விவாகரத்து? ஆள் பிறந்தால்தானே சாவு? பொய் என்று எழுதிக் கொடுக்கிறோம் என்றால், அப்படியானால் இத்தனை வருஷம் தனி அட்டையில் பணக்கொடை வாங்கினீங்களே, அது என்னா என்று கேட்டார்கள். அக்கா பயந்துவிட்டாள். "விடடா. கிழவனும் நானும் ஒற்றுமையாத்தான் இருக்கிறம்," என்றாள்.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போவேன். தர்மபுரியில் ஏசி போட்ட லாட்ஜில் தங்குவேன். அகதி என்பதால் அவள் பெயரில் ஒரு துண்டு நிலம் வாங்க முடியாது. ஒரு பெரிய ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தேன். அறையில் பாதியை அது அடைத்துக்கொண்டது. காலை நீட்டிப் படுக்க முடியாமல் அவள் அதைக் காட்டிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழவில்லை, லாட்ஜில் போய் அழுதேன். பிறகு கோழி பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டேன். என் துக்கத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

அவள் கேட்டது

இந்த வருஷம் கோடையில் முகாமிலிருந்து போன். ரெண்டு கிட்னியும் போய்விட்டது, தர்மபுரியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கால் வீக்கத்தை ஒரு வருஷமாக யாருக்கும் சொல்லவில்லையாம்.

போய் நின்றேன். முகம் ஊதி, கண் மட்டும் பழைய கண்.

"வந்திட்டியா? குளிருக்க இருந்து வந்தவனுக்கு வேர்க்கிற வேர்வையைப் பார்," என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு, பெங்களூருக்குக் கொண்டு போகலாம் என்றேன். அதிகாரியிடம் அனுமதி எழுதி வாங்க வேண்டும், வாங்கிவிடலாம் என்றேன். கையை ஆட்டினாள்.

"ஒண்டு கேக்கிறன். செத்தால் எழுதுவாங்கள்தானே. அதில அந்தக் கிழவன்ர பேர் வரக்கூடாது."

"அக்கா, சும்மா கிட."

"கந்தையா மகள் வசந்தி எண்டு எழுது. அப்பா பேர் மட்டும். நான் ஒருத்தனோடயும் வாழேல்ல. என்னை ஒருத்தரும் வாழ விடவும் இல்லை. அந்தாளுக்குப் பெண்சாதியாச் சாகமாட்டன், சொல்லிப்போட்டன்."

"எழுதுறன் அக்கா. சத்தியமா."

கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். விரல் நுனி அப்போதும் கறுத்துத்தான் இருந்தது.

"இந்த முறையாவது சரியாச் சொல்லடா," என்றாள்.

நான் குனிந்தேன். "என்ன?"

"மெட்ராசில நீ சொன்னது எனக்குத் தெரியும். என்னை உள்ளுக்குக் கூப்பிட வந்த, மொழிபெயர்க்கிற பிள்ளை வாசல்லயே சிரிச்சுக்கொண்டு கேட்டது, 'உங்க தம்பிதான் தாலித் தட்டம் பிடிச்சாராமே' எண்டு. பிறகு நான் உள்ளுக்க போய் என்னத்தைச் சொல்ல? உன்னைப் பொய்யன் எண்டு சொல்லவா?"

"தெரிஞ்சுகொண்டா எனக்கு ரோஸ் மில்க் வாங்கித் தந்தனீ?"

"பயந்துபோய் நிண்டாய். வேர்த்துக் கொட்டிச்சு உனக்கு," என்றாள். பிறகு தண்ணி கேட்டாள்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

சனிக்கிழமை

உடலைத் தருவதற்கு முன்னால் ஒரு படிவம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் எழுத்தர். என் மகள் வயதுதான் இருக்கும். அழுது வீங்கின என் முகத்தைப் பார்த்து, "உக்காருங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னாள்.

"தந்தை பேரு கந்தையா," என்றேன். "கணவர் இல்லை. கல்யாணம் ஆகவில்லை."

அவள் முகாம் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கார்டுல கணவர் பேரு இருக்குதுங்களே."

"அது தப்பு."

"தப்பா இருக்கலாம்ங்க சார். ஆனா கேம்ப் ஆளுங்களுக்குக் கார்டுல என்ன இருக்குதோ அதான் போடணும். மாத்தணும்னா தாசில்தார் லெட்டர் வேணும்ங்க. இன்னிக்கு சனிக்கிழமை. திங்கக்கிழமை போயி வாங்கிட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் பாடிய உள்ள வச்சிருப்போம்." கொஞ்சம் யோசித்தாள். "லெட்டரு ஒரே நாள்ல கிடைக்குமான்னு சொல்ல முடியாதுங்க. விசாரணை வைப்பாங்க."

என் பின்னால் முகாம் பெண்கள் நாலு பேர். வாசலில் வேன் நின்றது. "தம்பி, ஐஸ் பெட்டியில கிடக்க விடாதேங்கோ. என்ன பேர் எழுதினா என்ன, அவ இனி வந்து பாக்கப் போறாளா?" என்றாள் ஒருத்தி, அழுதுகொண்டே.

வாழ்நாள் முழுக்க வரிசையில் நின்றவளைச் செத்த பிறகும் காக்க வைப்பதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொள்கிறேன். உண்மை அதுவும் இல்லை. எனக்கு அலுத்துவிட்டது. அவ்வளவுதான். ரெண்டு நாள், நாலு நாள், ஒரு வாரம், தாசில்தார், விசாரணை. என்னிடம் நேரம் இருந்தது, பணம் இருந்தது, வக்கீல் இருந்தார். நிற்க மட்டும் நான் தயாராக இல்லை.

அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். "சொல்லுங்க சார். கணவர் பேரு?"

"சிவஞானம்," என்றேன்.

"இனிஷியல்?"

"க."

எழுதினாள். படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். கீழே ஒரு கட்டம். தகவல் கொடுத்தவர் பெயர், உறவு, கையொப்பம். எழுதினேன். தம்பி என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். ஒரு நகலை என் கையில் தந்தாள்.

முகாமில் பெண்கள் அவளைக் குளிப்பாட்டினார்கள். போஸ்ட் மாஸ்டர் செத்ததாகத் தகவல் இல்லையே, அதனால் சுமங்கலி. குங்குமம் வைத்தார்கள், பூ வைத்தார்கள். ஒருத்தி போய் ஆணியிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து வந்து கட்டினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை மிச்சம்?

சுடுகாட்டில் வெட்டியார் கேட்டார், "புருஷன் வூட்டு ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களா?"

நான் முன்னால் போய்க் கொள்ளி வைத்தேன்.

எல்லோரும் போன பிறகும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் நின்றார். நரைத்த தலை, வெள்ளை வேட்டி, பக்கத்தில் ஒரு பழைய மொபெட். நான் அவரை அதுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்தது.

"அருளப்பனுங்க," என்றார்.

கும்பிட்டேன். அவர் கும்பிடவில்லை. கையை நீட்டினார்.

"அந்தத் தாளு உங்ககிட்டதான் இருக்குதுங்களா? பாக்கலாமுங்களா?"

கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வாசித்தார். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது நீங்க எழுதினதுங்களா?"

"ஓமுங்க. நான்தான்."

"அவங்க காட்டியிருக்காங்க, உங்க கடுதாசிய. கொஞ்சம் பொறு அக்கான்னு. இதே எழுத்துதாங்க."

தாளை நாலாக மடித்தார். என் சட்டைப் பையில் அவரே வைத்தார். மொபெட்டை ரெண்டு தடவை உதைத்தார், மூன்றாவது தடவை கிளம்பியது, போய்விட்டார்.

அந்தத் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. க. சிவஞானத்தின் மனைவி இறந்துவிட்டதாக அதில் இருக்கிறது. கந்தையா மகள் வசந்தி இறந்ததாக எந்தத் தாளிலும் இல்லை.